ஃப்ளூ காய்ச்சல் எந்த நாள் வரை பிறருக்குத் தொற்றும்?

2023 மார்ச் மாதத்தில் எச்3என்2 வகை ஃப்ளூ நாடெங்கும் பரவியபோது, இந்திய மருத்துவச் சங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. காய்ச்சல் மூன்று நாட்களில் தணிந்துவிடும், தொற்று பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை இருக்கும், இருமல் மட்டும் மூன்று வாரங்கள் வரை நீடிக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அதே மாதம் 10-ஆம் தேதி தமிழக அரசு 1000 இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. புதுச்சேரியில் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை அறிவிக்கப்பட்டது.

மூன்று நாள், ஏழு நாள், மூன்று வாரம் ஆகிய இந்தக் கணக்குகளில் எதை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, எதை வைத்து அலுவலகத்துக்குத் திரும்புவது என்ற குழப்பம் ஒவ்வொரு ஃப்ளூ பருவத்திலும் எழுகிறது. மூன்று கணக்குகளும் சரியானவையே. ஆனால் அவை மூன்று வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. காய்ச்சல் என்பது வைரஸுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை. நீடிக்கும் இருமல் என்பது பெரும்பாலும் மூச்சுப்பாதையில் ஏற்பட்ட காயம் ஆறிவருவதன் அடையாளம். பிறருக்குத் தொற்றும் காலமோ, மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் உயிர்ப்புள்ள வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும் நாட்களின் எண்ணிக்கை.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். மற்றபடி ஆரோக்கியமாக உள்ள ஒரு பெரியவர், முதல் அறிகுறி தோன்றுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்து, தோன்றிய பிறகு ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை, ஃப்ளூவைப் பிறருக்குப் பரப்பக்கூடும். இந்தக் காலம் முழுவதும் ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை. முதல் மூன்று நாட்களில் அது உச்சத்தில் இருந்து, பிறகு வேகமாகக் குறைகிறது.

எந்தக் காய்ச்சலைப் பற்றிய கணக்கு இது

சளி பிடித்தாலே ஃப்ளூ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே பேசப்படுவது இன்ஃப்ளூயன்சா வைரஸால் வரும் காய்ச்சல் மட்டுமே. மனிதர்களிடையே பருவந்தோறும் பரவுபவை இன்ஃப்ளூயன்சா ஏ, இன்ஃப்ளூயன்சா பி என்னும் இரண்டு வகைகள். 2009-இல் உலகத் தொற்றாகப் பரவி, பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் நமக்கு அறிமுகமான எச்1என்1 வைரஸும், 2023-இல் செய்திகளில் அடிபட்ட எச்3என்2 வைரஸும் ஏ வகையின் உட்பிரிவுகள். எச்1என்1 இன்று ஆண்டுதோறும் வந்துபோகும் பருவகால ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. எனவே அதன் பெயரைக் கேட்டு அஞ்சுவோரும் எச்3என்2 என்றால் அலட்சியமாக இருப்போரும் தொற்றும் நாட்களைப் பொறுத்தவரை ஒரே கணக்கையே பின்பற்றலாம்.

சாதாரணச் சளி மெல்ல மெல்லக் கூடும். ஃப்ளூ பெரும்பாலும் திடீரென்று தாக்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் குளிர் நடுக்கத்தோடும் உடம்பு முழுக்க அடித்துப் போட்டாற்போன்ற வலியோடும் படுத்துவிடுவார். இந்தத் திடீர்த் தொடக்கம் நமக்கு ஒரு வகையில் உதவுகிறது: அறிகுறி தொடங்கிய நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும் என்பதால், தொற்றும் நாட்களை எண்ணுவதற்கு உறுதியான ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கிறது.

உடலுக்குள் நடப்பவற்றின் வரிசை

1. வைரஸ் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்களில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு செல்லிலிருந்தும் புதிய வைரஸ்கள் வெளிவரத் தொடங்கிவிடுகின்றன. அவை பக்கத்துச் செல்களைத் தாக்க, இந்தச் சுற்று மீண்டும் மீண்டும் நடக்கிறது.

2. வைரஸ் நுழைந்ததற்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட காலம் நோயரும்பு காலம் எனப்படுகிறது. ஃப்ளூவுக்கு இது ஒன்று முதல் நான்கு நாட்கள். சராசரியாக இரண்டு நாட்கள்.

3. வைரஸ் குறிப்பிட்ட அளவுக்குப் பெருகிய பிறகே உடலின் எதிர்ப்பு மண்டலம் முழு வேகத்தில் இயங்கத் தொடங்குகிறது. காய்ச்சலும் உடம்பு வலியும் சோர்வும் அந்த மண்டலம் சுரக்கும் வேதிப்பொருள்களால் வருபவை. இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. வைரஸ் பெருகுவது முதலில் நடக்கிறது. நமக்குத் தெரியவருவது அதற்குப் பின்னரே. அறிகுறிக்கு ஒரு நாள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்ப முடிவதற்கு இந்த இடைவெளியே காரணம்.

4. அடுத்த சில நாட்களில், வைரஸ் குடிகொண்ட செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் டி செல்களும், வைரஸைப் பற்றி முடக்கும் எதிர்ப்புப் பொருள்களும் பெருகுகின்றன. வெளியேறும் வைரஸின் அளவு இதனால் சரிந்து, ஐந்து முதல் ஏழு நாட்களில் பெரும்பாலானோரிடம் அற்றுப்போகிறது.

5. வைரஸ் போன பிறகும் மூச்சுப்பாதை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதன் மேலடுக்குச் செல்கள் உதிர்ந்துபோயிருக்கும். அவை மீண்டும் வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தூசியோ குளிர்காற்றோ பட்டாலும் இருமல் வரும்.

நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால்

ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமிக்குச் செவ்வாய்க்கிழமை மாலை டியூஷன் முடிந்து வரும்போது குளிர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நோய் தொற்றியது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டியதாக இருக்கும். குடும்பத்தோடு போய்வந்த கல்யாண மண்டபமாக இருக்கலாம், உறவினர் வீடாக இருக்கலாம். செவ்வாய் பகல் முழுவதும் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அவளிடம் எந்த அறிகுறியும் இல்லாமலேயே வைரஸ் வெளியேறத் தொடங்கியிருக்கும். புதனும் வியாழனும் உச்ச நாட்கள். வெள்ளி அல்லது சனிக்கிழமை காய்ச்சல் இறங்கும். வைரஸ் குறைந்திருக்கும், ஆனால் நின்றிருக்காது. பெரியவர் என்றால் அடுத்த செவ்வாயோடு கணக்கை முடித்துவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு அது இன்னும் சில நாட்கள் நீளக்கூடும்.

எண்ணும் முறையில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்தோ, பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்தோ, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. முதல் அறிகுறி தோன்றிய நாளைச் சுழியம் என்று கொண்டு, அதற்கு மறுநாளை முதல் நாளாக எண்ண வேண்டும். மேலே சொன்ன சிறுமிக்குச் செவ்வாய் சுழியம், புதன் முதல் நாள்.

இந்தக் கணக்கு எப்படித் தெரிந்தது

ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் ஃப்ளூ வைரஸைச் செலுத்தி, அவர்களைத் தனியே வைத்து, நாள்தோறும் மூக்குச் சளியைப் பரிசோதிக்கும் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடந்துள்ளன. அத்தகைய 56 ஆய்வுகளில் பங்கேற்ற 1280 பேரின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வுக் கட்டுரை 2008-இல் வெளியானது. வைரஸ் செலுத்தப்பட்ட அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் வெளியேற்றம் திடீரென உயர்வதும், இரண்டாம் நாளில் உச்சத்தைத் தொடுவதும், சராசரியாக 4.8 நாட்கள் நீடிப்பதும் அதில் தெரியவந்தன. தொற்றுக்கு உள்ளானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அறிகுறியே வரவில்லை என்பதும், காய்ச்சல் கண்டவர்கள் பாதிக்கும் குறைவு என்பதும் அதே தொகுப்பில் வெளிப்பட்டன. காய்ச்சல் இல்லை, ஆகவே ஃப்ளூ இல்லை என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறானது என்பதை இது காட்டுகிறது.

தன்னார்வலர்கள் இளம் வயதினர், நோயற்றவர்கள். வீட்டில் இயல்பாகத் தொற்றும் ஃப்ளூ வேறு மாதிரி நடந்துகொள்ளலாம் என்ற ஐயம் நியாயமானது. ஹாங்காங்கில் குடும்பங்களைப் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகள் அதற்கு விடை தந்தன. அறிகுறிக்கு முன்பே வைரஸ் வெளியேறுவது உண்மைதான் என்றாலும், ஒருவரது மொத்தத் தொற்றுத்திறனில் அந்த முன்கட்டத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவே என்று அவை மதிப்பிட்டன. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு செய்தி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. தெரியாமலே பரப்பிவிடுகிறோம், ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரிக்கத் தேவையில்லை. பரவலின் பெரும்பகுதி, நமக்கு உடம்பு சரியில்லை என்று நமக்கே நன்றாகத் தெரிந்த நாட்களில் நடக்கிறது.

அறிகுறி தொடங்கும் நாளில் தொற்றுக்கு இருக்கும் வீரியத்துக்கு 1977-இல் அலாஸ்காவில் நடந்த ஒரு சம்பவம் சான்று. 54 பேர் இருந்த ஒரு பயணிகள் விமானம் எஞ்சின் கோளாறால் தரையிலேயே மூன்று மணி நேரத்துக்கும் மேல் நின்றது. காற்றோட்டக் கருவி அணைக்கப்பட்டிருந்தது. விமானத்தில் ஏறியதும் ஒரு பயணிக்குக் காய்ச்சலும் இருமலும் தொடங்கின. அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதத்தினர் நோயுற்றனர். விமானத்துக்குள் நீண்ட நேரம் தங்கியிருந்தவர்களே அதிகமாகப் பாதிக்கப்பட்டனர். இறங்கி வெளியே போய்விட்டவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசி போட்டு ஓடும் பள்ளி வேனுக்கும், ஜன்னலே இல்லாத அலுவலகக் கூட்ட அறைக்கும் இந்தச் சம்பவம் அப்படியே பொருந்தும்.

இருமினால்தான் பரவும் என்ற எண்ணமும் ஓரளவே சரி. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃப்ளூ உறுதியான 142 பேரை, அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நாட்களுக்குள், அரை மணி நேரம் ஒரு கருவியின் முன் உட்காரவைத்து அவர்களின் மூச்சுக்காற்றைச் சேகரித்தனர். 2018-இல் வெளியான முடிவின்படி, நுண்துகள் மாதிரிகளில் 39 சதவீதத்தில் உயிர்ப்புள்ள வைரஸ் இருந்தது. இருமாமல் வெறுமனே மூச்சுவிட்டவர்களின் மாதிரிகளிலும் அது காணப்பட்டது.

மாத்திரை போட்டு இறங்கிய காய்ச்சல் கணக்கில் சேராது

பாரசிட்டமால் உடல் வெப்பத்தைக் குறைக்கும். வைரஸ் பெருகுவதை அது தடுக்காது. காலையில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, வியர்த்து, உடம்பு லேசானதும் பேருந்து ஏறி வேலைக்குப் போகிறவர், தம் வாழ்நாளின் அந்த வாரத்தில் மிக அதிகமாக வைரஸை வெளியேற்றும் மணி நேரங்களில் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்றால், எந்தத் தொழிலாளியும் மாத்திரை போட்டுக்கொண்டு வரத்தான் செய்வார். ஒரு நாள்கூடத் தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு ஆண்டுவிழா மேடையில் பரிசு தரும் பள்ளிகளும் இதே தவறையே ஊக்குவிக்கின்றன. முதல் மூன்று நாட்கள் வீட்டில் இருப்பது ஒரு வகுப்பையோ ஒரு பணிமனையையோ காப்பாற்றும் என்னும்போது, அந்த மூன்று நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தருவது முதலாளிக்கும் லாபமான ஏற்பாடு என்பதை நிறுவனங்கள் உணர வேண்டும்.

ஆகவே காய்ச்சல் விட்டது என்று சொல்வதற்கு ஒரு வரையறை வேண்டும்: காய்ச்சல் மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளாத நிலையில், தொடர்ந்து 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். கடைசி மாத்திரையின் தாக்கம் அடங்கிய பிறகே இந்த 24 மணி நேரம் தொடங்குகிறது.

இருமல் நிற்கவில்லை என்றால்

இரண்டாவது வாரத்தில் வரும் வறட்டு இருமலைக் கண்டு குழந்தையை வகுப்பிலிருந்து திருப்பியனுப்பும் பள்ளிகள் உண்டு. அறிகுறி தொடங்கி ஏழு நாட்கள் கடந்து, காய்ச்சல் முற்றிலும் நின்று, உடல்நிலை தேறிவரும் ஒருவரின் மிச்ச இருமல் பொதுவாக ஃப்ளூவைப் பரப்புவதில்லை. அந்த இருமலை நிறுத்துவதற்காக அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதற்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் 2023 அறிவிப்பில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அவை பாக்டீரியாவுக்கான மருந்துகள்; ஃப்ளூ தொற்றும் காலத்தை அவை ஒரு மணி நேரம்கூடக் குறைப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தேறிவந்த நிலையில் மீண்டும் காய்ச்சல் ஏறி இருமலும் மோசமானாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ குழப்பமான பேச்சோ தென்பட்டாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். அப்போது நாட்களை எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யாருக்குக் கணக்கு நீளும்

சிறு குழந்தைகளின் உடல் ஃப்ளூ வைரஸை இதற்கு முன் அதிகம் சந்தித்திருக்காது. அதனால் அவர்களிடம் வைரஸின் அளவும் கூடுதலாக இருக்கும், வெளியேறும் நாட்களும் கூடும். பத்து நாட்கள் வரையிலும், சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் போகலாம்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்டகாலமாக ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள் போன்று எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் நிலை வேறு. அவர்களிடமிருந்து வைரஸ் வாரக்கணக்கில், அரிதாக மாதக்கணக்கில்கூட வெளியேறியது பதிவாகியுள்ளது. இவர்களுக்கு ஐந்து நாள், ஏழு நாள் என்ற எந்தப் பொதுக் கணக்கும் செல்லாது; சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவே செல்லும். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருப்பவருக்கும் விதி கடுமையானது: அறிகுறி தொடங்கி ஏழு நாட்கள், அல்லது காய்ச்சலும் மூச்சுத் தொல்லையும் நின்று 24 மணி நேரம், இவற்றில் எது பிந்தி வருகிறதோ அதுவரை தனிமைப்படுத்தல் தொடர வேண்டும்.

பரிசோதனையும் மருந்தும் கணக்கை மாற்றுமா

பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மரபணுத் துண்டுகளைத் தேடுகிறது. செத்த வைரஸின் துண்டும் அதில் பாசிட்டிவ் காட்டும் என்பதால், தொற்றும் காலம் முடிந்த பின்னரும் சில நாட்கள் முடிவு பாசிட்டிவ் ஆகவே வரலாம். வேலைக்குத் திரும்ப நெகட்டிவ் சான்று கேட்பது ஃப்ளூவைப் பொறுத்தவரை வீண் செலவு. லேசான காய்ச்சல், இருமல் மட்டும் உள்ளவர்களை ஏ பிரிவில் (இது நோயின் கடுமையைக் குறிக்கும் பிரிவு, வைரஸின் வகை அல்ல) சேர்த்து, அவர்களுக்குப் பரிசோதனையே தேவையில்லை, வீட்டில் இருந்தால் போதும் என்பதே எச்1என்1 குறித்து மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறை.

டாமிஃப்ளூ என்ற பெயரில் பலரும் அறிந்த ஓசெல்டாமிவிர் மருந்து, புதிய வைரஸ்கள் செல்லிலிருந்து பிரிந்து வெளியேறுவதைத் தடுக்கிறது. அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நோயின் காலம் சராசரியாக ஒரு நாள் அளவுக்குக் குறைகிறது. வைரஸ் வெளியேற்றமும் ஓரளவு குறையலாம். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதயநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இம்மருந்தைத் தாமதமின்றித் தொடங்குவது முக்கியம் என்பதால், அவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் மருந்து தொடங்கிவிட்டதால் மறுநாளே தொற்றாது என்று எண்ணி வெளியே நடமாடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எப்போது வெளியே வரலாம்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் சுவாச நோய்கள் அனைத்துக்குமாகச் சேர்த்து வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டில் கடைப்பிடிக்க எளிதானது. நம் சூழலுக்கு அதை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1. மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலும், மற்ற அறிகுறிகள் குறைந்துகொண்டும் வந்தால் பள்ளிக்கோ வேலைக்கோ போகலாம். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

2. அதன் பிறகும் ஐந்து நாட்களுக்கு எச்சரிக்கை தேவை. கூட்டமான இடங்களில் முகக்கவசம், திறந்த ஜன்னல், சோப்பு போட்டுக் கை கழுவுதல் ஆகியவை அந்த நாட்களுக்கு உரியவை. எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கும்; துணியிலும் காகிதத்திலும் 12 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் செயலிழந்துவிடும்.

3. காய்ச்சலே வராமல் தொண்டை வலி, இருமல், உடம்பு வலி மட்டும் இருந்தவர்கள், அறிகுறி தொடங்கிய பின் குறைந்தது ஐந்து நாட்களாவது வீட்டில் இருப்பது நல்லது.

4. முதியோர் இல்லம், பிரசவ வார்டு, கைக்குழந்தை உள்ள வீடு போன்ற இடங்களுக்குப் போவதை முழு ஏழு நாட்களும் தவிர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது என்பதால், அவர்களைக் காப்பது சுற்றியிருப்பவர்களின் பொறுப்பு.

ஒரே வீட்டில் ஒருவர் பின் ஒருவராக

பொதுவாக ஒரு வீட்டில் ஒருவர் படுத்த இரண்டு மூன்று நாட்களில் அடுத்தவர் படுக்கிறார். மேலே சொன்ன சிறுமிக்குச் செவ்வாயன்று தொடங்கினால், அம்மாவுக்கு வெள்ளியன்றும், தம்பிக்குத் திங்களன்றும் தொடங்கலாம். ஒவ்வொருவருக்கும் எண்ணிக்கை தனித்தனி. அக்கா பள்ளிக்குத் திரும்பும் நேரத்தில் தம்பி உச்ச நாட்களில் இருப்பான். தனி ஒருவருக்கு ஒரு வாரம் என்றிருக்கும் தொற்றும் காலம், அந்த வீட்டுக்கு இரண்டு வாரமாகிவிடுகிறது. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்து, அவர்களுக்குத் தனி அறையும் தனித் தட்டு டம்ளரும் ஒதுக்கியிருந்தால், அந்த ஏற்பாட்டை முதலில் படுத்தவர் தேறியதும் கலைத்துவிடக் கூடாது. கடைசியாகப் படுத்தவரின் முதல் அறிகுறியிலிருந்து ஏழு நாட்கள், அவர் சிறு குழந்தை என்றால் பத்து நாட்கள் வரை அதைத் தொடர வேண்டும்.